வீட்டுக்குத் தண்ணீர் ஊற்றிய மேஸ்திரி

1. போனில் கேட்ட முனகல்

“ரோஸ்லின், நீங்க கட்டின வீடு முனகுது. உடனே வந்து பாரு.”

போனை எடுத்ததும் கிரேஸ் சிஸ்டர் சொன்னது இதுதான். ஹலோவும் இல்லை, ஸ்தோத்திரமும் இல்லை. நான் ஆம்பூருக்கு வெளியே, பாலாற்றங்கரையை ஒட்டிய எங்கள் மரப்பட்டறையில் நின்றிருந்தேன். கையில் சாக்பீஸ். எதிரே ஒரு தூண். அதை ரிஜெக்ட் செய்யலாமா வேண்டாமா என்று முறைத்துக்கொண்டிருந்தேன்.

“வீடு எப்படி சிஸ்டர் முனகும்? காத்துக்கு ஏதாவது ஆடியிருக்கும்.”

“இதோ பாரு. வாழ்க்கை பூரா வார்டுல முனகல் கேட்டவ நான். எது வலி, எது வேஷம்னு எனக்குத் தெரியும். இரு, நீயே கேளு.”

போனைத் தூணோடு சேர்த்து வைத்தார் போலிருக்கிறது. முதலில் காற்றின் இரைச்சல். பிறகு ‘கிர்ர்ர்’ என்று இழுத்து ‘டொக்’ என்று ஒரு சத்தம். மறுபடியும் அதேபோல. சாக்பீஸைக் கீழே வைத்தேன். மரவேலையில் இருப்பவர்களுக்கு அந்த ‘கிர்ர்ர்’ பெரிய விஷயம் இல்லை. மரம் பேசும், பேசிவிட்டுப் போகட்டும். ஆனால் ‘டொக்’ ஆகாது. உள்ளே இடம் இருக்கிறது, ஏதோ ஒன்று ஆடிப்போய் இன்னொன்றில் முட்டுகிறது என்று அதற்கு அர்த்தம்.

கிரேஸ் சிஸ்டர் வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிடயர் ஆனவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸ்தான் வீடு. இப்போது அதைக் காலி செய்தாக வேண்டும். அடுத்த மாதக் கடைசி வரை தவணை கொடுத்திருந்தார்கள். ஒடுகத்தூர் பக்கம் மலையடிவாரத்தில் சின்னதாக ஒரு மனை வாங்கி, எங்கள் கம்பெனியிடம் மரச்சட்ட வீடு கேட்டிருந்தார். தூண், உத்திரம், கைமரம் என்று வீட்டின் எலும்புக்கூடு முழுக்க மரம். மேலே ஓடு, நடுவில் செங்கல் சுவர். எலும்புக்கூட்டை நிறுத்திவிட்டு வந்திருந்தோம். ஓட்டுக்காகக் காத்திருந்தோம். அந்த எலும்புக்கூடுதான் முனகியது.

2. உருளுகிற டிரம்மும் நிற்கிற வீடும்

எங்கள் கம்பெனி வீடு கட்டப் பிறந்தது அல்ல. முதலாளி அன்வர் பாயின் அப்பா காலத்தில் அது தோல் பதனிடும் டேனரிகளுக்கு டிரம் செய்யும் பட்டறை. பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். படுக்கவைத்த பெரிய மரப் பீப்பாய்தான் டிரம். ஓர் ஆள் உள்ளே நின்று கையைத் தூக்கினாலும் மேலே எட்டாது. தோலையும் தண்ணீரையும் மருந்தையும் உள்ளே போட்டு உருட்டிக்கொண்டே இருப்பார்கள். உள்பக்கம் ஓர் இரும்பு ஆணிகூடத் தலைகாட்டக் கூடாது. இரும்பு பட்டால் தோலில் நீலக் கறை விழும். அப்புறம் அந்தத் தோலை வைத்துக்கொண்டு அழ வேண்டியதுதான். அதனால் எங்கள் ஆட்களுக்கு எல்லாமே மர ஆணி. ஒரு மரத்தின் முனையை நாக்கு மாதிரி செதுக்குவார்கள். இன்னொரு மரத்தில் அதற்குத் துளை போடுவார்கள். நாக்கைத் துளைக்குள் இறக்கி, குறுக்கே மர ஆணி அடித்துப் பூட்டுவார்கள்.

பிளாஸ்டிக் டிரம் வந்ததும் ஆர்டர் கம்மியானது. அன்வர் பாய் ஒப்பாரி வைக்கிற ஆள் இல்லை. எல்லாரையும் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்துச் சொன்னார்:

“நாம செஞ்ச டிரம்மு ராவும் பகலும் உருண்டுக்கினே கீது. ஒண்ணும் ஆகல. வீடு சும்மா ஒரே எடத்துல நிக்கப்போவுது. அது நிக்காதா?”

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. எங்களில் யாரும் மறுத்துப் பேசவில்லை.

வீட்டு வேலை தொடங்கியபோதுதான் பாய் என்னைச் சேர்த்துக்கொண்டார். நான் அதற்கு முன்பு ஷூ ஃபேக்டரியில் செக்கிங் செக்‌ஷன். “எங்க ஆளுங்க எதைப் பாத்தாலும் ஓக்கேம்பானுங்க. மூஞ்சிக்கு நேரா வேணாம்னு சொல்ற ஆள் ஒருத்தர் வேணும்” என்றார். அந்தத் தகுதி எனக்கு உண்டு என்று என் மாமியாரே சர்டிஃபிகேட் கொடுப்பார். ஃபேக்டரியிலிருந்து நான் கொண்டுவந்த சொத்து இரண்டு. ஒன்று, தோலில் ஓட்டை போடும் ஹோல் பஞ்ச். இன்னொன்று, லைனிங் தோலில் வெட்டிய மெல்லிய துண்டு. அந்தத் துண்டு ஒரு ஜாயிண்ட்டுக்குள் நுழைந்தால் அந்த ஜாயிண்ட் ரிஜெக்ட்.

முதல் நாளே தனபால் மேஸ்திரியோடு முட்டிக்கொண்டது. பாயின் அப்பா காலத்திலிருந்து இருப்பவர். லுங்கிக்கு மேலே அகலமான தோல் பெல்ட் போட்டிருப்பார், பாயின் அப்பாவான பெரிய பாய் கொடுத்தது. மேஸ்திரி செதுக்கி வைத்த ஒரு தூணில் நான் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டேன்.

“யம்மா, உனக்கு செருப்பு தெரியும். மரம் தெரியுமா?”

“செருப்பு இல்ல மேஸ்திரி, ஷூ.”

அவர் துண்டால் குறியை அழித்தார். நான் மறுபடி போட்டேன். அவர் மறுபடி அழித்தார். பாய் வந்து, “வேற மரம் எடு தனபாலு” என்று சொல்லும் வரை இது நடந்தது. மறுநாள் காலையில் அவரே எனக்கு டீ கொண்டுவந்து நீட்டினார்.

“அந்த மரத்துல கணு இருக்கிறது எனக்கும் தெரியும். நீ பாக்கிறியான்னு டெஸ்ட் பண்ணேன்.”

அது சுத்தப் பொய். நான் டீயை வாங்கிக் குடித்தேன். அன்றிலிருந்து நாங்கள் தோஸ்த்.

3. முதல் தண்ணீர்

டிரம் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. டிரம்மைப் பூட்டி முடித்ததும் தண்ணீர் காட்டுவார்கள். எலுமிச்சம்பழம் கட்டி, மேஸ்திரி முதல் குடத்தை ஊற்ற, மற்றவர்கள் நிரப்புவார்கள். முதலில் எல்லா இடுக்கிலும் தண்ணீர் ஒழுகும். யாரும் பதற மாட்டார்கள். மரம் தண்ணீரைக் குடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக வீங்கும், ஒழுகல் நிற்கும். ஒழுகல் நின்ற பிறகு மேஸ்திரி கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டிப் பார்ப்பார். சத்தம் சரியாக இருந்தால் எல்லாருக்கும் ஜிலேபி.

சிஸ்டரின் வீட்டுச் சட்டத்தை ஒடுகத்தூருக்கு அனுப்பும் முன்பு பட்டறை முற்றத்திலேயே ஒரு தடவை முழுதாகப் பூட்டிப் பார்த்தோம். எங்கள் கம்பெனியின் முதல் வீடு. சிஸ்டரையும் வரச் சொல்லியிருந்தோம். பூட்டி முடித்ததும் மேஸ்திரி எலுமிச்சம்பழத்தைக் கட்டினார். குடத்தை எடுத்து ஒவ்வொரு ஜாயிண்ட்டாக ஊற்றினார். ஆட்கள் ஹோஸ் பிடித்தார்கள். வேங்கை மரம் நனைந்தால் மஞ்சளாகச் சாயம் விடும். முற்றம் முழுக்க மஞ்சள் தண்ணீர் ஓடியது. சிஸ்டர் புடவைக் கரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “எதுக்கு இந்த அபிஷேகம்?” என்றார்.

“மரத்துக்கு உயிர் வரணும் சிஸ்டர். இப்ப பாருங்க” என்றார் மேஸ்திரி.

கொஞ்ச நேரம் கழித்து சிஸ்டர் ஒரு தூணை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். மயக்கத்தில் கிடக்கும் பேஷண்டை உலுக்குவது போலத்தான் உலுக்கினார். அசையவில்லை. நான் என் தோல் துண்டை எடுத்து ஒவ்வொரு ஜாயிண்ட்டிலும் நுழைத்துப் பார்த்தேன். எங்கும் நுழையவில்லை. அன்வர் பாய் பிரியாணி அண்டாவைச் சட்டத்துக்கு நடுவிலேயே இறக்கச் சொன்னார். கூரை இல்லாத அந்த வீட்டுக்குள் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டோம். சிஸ்டர் கத்திரிக்காய்த் தொக்கை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக்கொண்டு, “இது ஹால், அது ரூம், இங்க ஜன்னல்” என்று காற்றில் கையால் காட்டிக்கொண்டிருந்தார். அந்த முகத்தை நான் மறக்கவே மாட்டேன். சின்னப் பிள்ளைகள் மணலில் வீடு கட்டும்போது அப்படித்தான் இருப்பார்கள்.

பிறகு சட்டத்தைக் கழற்றி, லாரியில் ஏற்றி, ஒடுகத்தூரில் நிறுத்தினோம். அப்போது அக்னி நட்சத்திரம் தொடங்கியிருந்தது.

4. பிழைக்குமா?

போன் வந்த அன்றே நானும் பாயும் காரில் போனோம். மேஸ்திரி வரவில்லை. “காத்தடிச்சா மரம் பேசும்மா. அதுக்கெல்லாம் ஓடிக்கினு இருக்க முடியுமா?” என்று சொல்லிவிட்டார். ஆனால் உளியைத் தீட்டிக்கொண்டிருந்த கை நின்றுபோயிருந்ததைப் பார்த்தேன்.

ஒடுகத்தூரில் வெயில் கொளுத்தியது. தூணைத் தொட்டால் கை சுட்டது. என் தோல் துண்டை ஜாயிண்ட்டில் வைத்தேன். வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. அடுத்ததிலும் போயிற்று. பாய் ஒரு தூணைத் தோளால் தள்ளினார். மேலே உத்திரம் ‘டொக்’ என்றது. மஞ்சள் முற்றத்தில் கல் மாதிரி நின்ற சட்டம் இங்கே ஆடும் பல் மாதிரி நின்றது. எங்கள் இரண்டு பேருக்கும் அப்போதே விஷயம் விளங்கிவிட்டது. அன்றைக்கு ஜாயிண்ட்டை இறுக்கிப் பிடித்திருந்தது தண்ணீர்தான். தண்ணீர் காய்ந்ததும் பிடியும் போய்விட்டது.

சிஸ்டர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“பொழைக்குமா, சொல்லுங்க” என்றார்.

பாய் தொண்டையைச் செருமினார். “கண்டிப்பா சிஸ்டர்.”

“நான் சொன்னா நீங்க சிரிப்பீங்க. இந்த வயசு வரைக்கும் என் பேர்ல ஒரு கதவு கிடையாது. குவார்ட்டர்ஸ்ல யார் வேணும்னாலும் தட்டலாம், எப்ப வேணும்னாலும் கூப்பிடலாம். நான் உள்ள போய் என் கதவைச் சாத்திட்டுப் படுக்கணும். அவ்வளவுதான் ஆசை. ஓடு ஏத்தின பிறகு தலைமேல விழும்னா இப்பவே சொல்லிடுங்க.”

திரும்பி வரும் வழியிலேயே பாய் ஒரு வெல்டிங் கடைக்காரருக்குப் போன் போட்டார். எல்லா ஜாயிண்ட்டுக்கும் இரும்பு பிளேட், போல்ட். பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் நிற்கும். அது தப்பான யோசனை என்று நான் சொல்ல மாட்டேன். ஒருவரைக் கூரைக்குக் கீழே படுக்கவைக்கப் போகிறவர் அப்படித்தான் யோசிக்க வேண்டும்.

பட்டறைக்கு வந்து மேஸ்திரியிடம் சொன்னதும் அவருக்கு முகம் செத்துப்போனது.

“பாய், வேங்கையில இரும்பு வச்சீங்கன்னா நீலமா கறை எறங்கும். செவுரெல்லாம் ஓடும். நான் செஞ்ச மரத்துல இரும்பு ஏறிச்சின்னா, அப்புறம் நான் இந்தப் பட்டறையில கால் வைக்க மாட்டேன்.”

“அப்ப நீயே சொல்லு தனபாலு, இன்னா செய்யலாம்?”

மேஸ்திரி உளியை எடுத்து மறுபடி தீட்டத் தொடங்கினார். பாய், “ஓடு வந்து எறங்கற வரைக்கும் டைம் தர்றேன். வந்துட்டா பிளேட்டுதான்” என்றார். ஓடு அடுத்த மாத நடுவில் வர வேண்டும். பாயும் நல்லவர், மேஸ்திரியும் நல்லவர். இரண்டு நல்லவர்கள் சண்டை போட்டால் நடுவில் இருப்பவர்களுக்குத்தான் பேஜார். அந்த நாட்களில் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியதையெல்லாம் என்னிடமே சொன்னார்கள்.

5. டிரிப்ஸ்

மறுநாளிலிருந்து மேஸ்திரி பட்டறைக்கு வரவில்லை. கோபித்துக்கொண்டு வீட்டில் இருக்கிறார் என்று நினைத்தோம். சில நாள் கழித்து நான் பிளேட்டுக்கு அளவெடுக்க ஒடுகத்தூர் போனேன். உச்சி வெயில். பாதையிலிருந்தே தண்ணீர் பீச்சும் சத்தம் கேட்டது. மேஸ்திரி சாரத்தின்மேல் ஏறி நின்று, ஹோஸைப் பிடித்து உத்திரத்துக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். தலையில் ஈரத்துண்டு. மண்ணெல்லாம் மஞ்சள்.

“மேஸ்திரி! இன்னா பண்றீங்க?”

“பாத்தா தெரியல? தண்ணி காட்றேன். இப்ப வந்து ஆட்டு, பாக்கலாம்.”

ஆட்டினேன். ஆடவில்லை.

“சரி, நாளைக்கு?”

“நாளைக்கும் ஊத்துவேன்.”

“நாளான்னிக்கு? அப்புறம்? ஓடு போட்டு, சிஸ்டர் சாமான் செட்டோட குடி வந்த பிறகும் ஏணி போட்டு ஏறுவீங்களா?”

அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. ஹோஸ் மட்டும் அடுத்த ஜாயிண்ட்டுக்குப் போயிற்று. எனக்குக் கோபம் வந்தது. கோபத்தைவிட அழுகைதான் ஜாஸ்தியாக வந்தது. தினமும் ஆம்பூரிலிருந்து பஸ் பிடித்து வந்து, இந்த வெயிலில், மனுஷன் ஒரு வீட்டுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார்.

சிஸ்டர் டிஃபன் கேரியரோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். அவருக்கு இது முன்பே தெரியும். தினமும் மேஸ்திரிக்குச் சாப்பாடு அவர்தான் கொண்டுவந்திருக்கிறார். இன்று என்னைப் பார்த்ததும் இனி மறைப்பதற்கு ஒன்றும் இல்லை என்று நினைத்தாரோ என்னவோ, நேராகச் சாரத்துக்குக் கீழே போய் நின்றார்.

“மேஸ்திரி, நான் சொல்றதைக் கேளுங்க. டிரிப்ஸ் ஏறிக்கிட்டு இருக்கிற வரைக்கும் எல்லா பேஷண்டும் தெம்பாத்தான் இருப்பாங்க. கழட்டின பிறகு எழுந்து நடக்கணும். அப்பதான் டிஸ்சார்ஜ்.”

மேஸ்திரி ஹோஸைக் கீழே போட்டார். பிறகு இறங்கி வந்து குழாயை மூடினார். செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்தார்.

“டிரம்முன்னா நாக்குக்கும் துளைக்கும் நடுவுல ஒரு நூல் எடம் வுடணும்மா” என்றார் என்னைப் பார்த்து. நூல் என்பது எங்கள் வேலையில் ஓர் அளவு. இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. “வுடலன்னா, தண்ணி குடிச்சி வீங்கி, தொளையே வெடிச்சிடும். நான் கத்துக்கினதே அதான். இதுலயும் வுட்டேன். வுடணும்னு நெனச்சி வுடல, கை வுட்டுடிச்சி. தண்ணியில நிக்கிற மரத்துக்குத்தான் இத்தினி நாளா வேலை செஞ்சேன். வெயில்ல நிக்கிற மரத்துக்கு செஞ்சதில்ல.”

அவரை அப்படிப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. சிஸ்டர் கேரியரைத் திறந்தார். “மொதல்ல சாப்பிடுங்க” என்றார்.

6. பெல்ட்

சாப்பாட்டுக்குக் கை கழுவ எழுந்தபோது மேஸ்திரியின் லுங்கி இடுப்பில் நிற்கவில்லை. ஒரு கையால் பிடித்துக்கொண்டே நடந்தார். பெரிய பாய் கொடுத்த அந்தத் தோல் பெல்ட் இடுப்பைச் சுற்றித் தொளதொளவென்று தொங்கியது.

“இன்னா இப்படி இளைச்சுப் போயிட்டீங்க? சுகர் பாத்தீங்களா?” என்றார் சிஸ்டர். ரிடயர் ஆனாலும் வாய் ரிடயர் ஆகவில்லை.

“சுகரும் இல்ல, ஒண்ணும் இல்ல. சோறு எறங்கல. அவ்ளோதான்.”

“குடுங்க இங்க” என்று பெல்ட்டை வாங்கினேன். பையில் ஹோல் பஞ்ச் இருந்தது. கடைசி ஓட்டையிலிருந்து உள்பக்கமாகத் தள்ளி, புதிதாக ஓர் ஓட்டை போட்டுக் கொடுத்தேன். மேஸ்திரி மாட்டினார். பக்கிளின் கம்பி புது ஓட்டைக்குள் இறங்கியதும் பெல்ட் இழுத்துக்கொண்டு இடுப்பை இறுக்கியது. அவர் குனிந்து அதையே பார்த்தார். கழற்றினார். மறுபடி மாட்டினார்.

“எங்க போட்ட?”

“பழைய ஓட்டைக்கு உள்பக்கமா. வேற எங்க போடுவாங்க?”

சோற்றுத் தட்டு அப்படியே இருந்தது. மேஸ்திரி எழுந்துபோய் ஒரு தூணில் இருந்த மர ஆணியின்மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றார். சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் உதட்டைப் பிதுக்கினேன்.

“ரோஸ்லினம்மா, தொளையில இருக்கிற ஓட்டையும் நாக்குல இருக்கிற ஓட்டையும் நேருக்கு நேரா கீது. அதான் ஆணி சும்மா நிக்குது, புடிக்கல. நாக்கு ஓட்டைய அடைச்சிட்டு, ஒரு நூல் உள்ள தள்ளிப் புதுசா போட்டா? ஆணிய கூரா சீவி அடிச்சா, எறங்க எறங்க நாக்க இழுத்துக்கினு போய் முட்ட வச்சிடும். பெல்ட்டு மாரி.”

“பக்கவாட்டுல இருக்கிற சந்து?”

“அதுக்கு மெல்லிசா ஆப்பு. அது ஒரு விஷயமா?”

இப்படி ஆணியைத் தள்ளி அடிக்கிற முறை உலகத்தில் வேறு எங்கெங்கோ இருக்கிறது என்று பிறகு பாயின் மகள் மொபைலில் காட்டினாள். இருக்கட்டும். எங்களுக்கு அது ஒடுகத்தூரில், எலுமிச்சை சாதத்துக்கு முன்னால், ஒரு பெல்ட்டிலிருந்து கிடைத்தது.

7. பாய் தொங்கிய உத்திரம்

ஊற்றிய தண்ணீர் முழுக்கக் காயும் வரை காத்திருந்தோம். வேலூர் வெயிலைத் திட்டாத வாய் இந்தப் பக்கத்தில் கிடையாது. அந்த நாட்களில் மட்டும், ஒரு மேகம் வந்தால் நாங்கள் மேகத்தைத் திட்டினோம். மரம் சுருங்க வேண்டிய அளவுக்குச் சுருங்கிவிட்டால், அதற்குப் பிறகு இறுக்குவது நிலைக்கும்.

முதல் ஜாயிண்ட்டை மேஸ்திரி பாயின் கண் முன்னால் செய்தார். உத்திரத்துக்கு முட்டுக் கொடுத்து, பழைய ஆணியைத் தட்டி எடுத்து, நாக்கை வெளியே இழுத்தார். பழைய ஓட்டையை அதே மரத்தில் சீவிய கட்டையால் அடைத்து, உள்ளே தள்ளிப் புது ஓட்டை போட்டார். நாக்கை மறுபடி இறக்கி, பக்கத்தில் ஆப்பு வைத்து, கூராக்கிய ஆணியைக் கொட்டாப்புளியால் அடித்தார். ஒவ்வோர் அடிக்கும் சந்து சுருங்குவதை நாங்களே பார்த்தோம். கடைசி அடியில் மரத்தோடு மரம் முட்டியது. என் தோல் துண்டை வைத்தேன். நுழையவில்லை. பொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை.

நல்ல கனமான உடம்பு பாய்க்கு. செருப்பைக் கழற்றிவிட்டு, ஸ்டூலில் ஏறி, உத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஸ்டூலை உதைத்துத் தள்ளினார். தொங்கினார். ஆடினார். ‘டொக்’ இல்லை.

“பாய், எறங்குங்க. உத்திரம் தாங்கும், உங்க தோள்பட்டை தாங்காது” என்றார் சிஸ்டர்.

பாய் இறங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு, வெல்டிங் கடைக்குப் போன் போட்டு பிளேட்டை கேன்சல் செய்தார். பிறகு மேஸ்திரியின் தோளில் கையைப் போட்டு நின்றார். பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் கண் கலங்கியது.

மற்ற ஜாயிண்ட்டுகளை முடிக்க எல்லா ஆட்களும் வந்தார்கள். ஓடு வந்து இறங்கியபோது சட்டம் தயாராக நின்றது. மாதக் கடைசிக்கு முன்பே சிஸ்டர் ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு ஸ்டீல் பீரோ, ஒரு தையல் மெஷினோடு குடி வந்தார். சர்ச்சிலிருந்து ஐயர் வந்து ஜெபம் செய்தார். பாய் ஓர் ஓரமாகக் கையேந்தி நின்றார். மேஸ்திரி வாசலில் சூடம் ஏற்றப் பார்த்து, ஐயரைப் பார்த்துப் பாக்கெட்டிலேயே திரும்ப வைத்துக்கொண்டார். சிஸ்டர் உள்ளேயிருந்து ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து அவரிடம் கொடுத்தார்.

“இது உங்களுக்கு. வீட்டுக்கு ஊத்துனீங்கன்னா, கையை உடைச்சு நானே கட்டு போட்டு விடுவேன்.”

8. கற்றுக்கொண்டது

புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் டிப்ஸ் கேட்பார்கள். நான் சொல்வது இதுதான். தெரியாத வேலையில் தப்பு செய்தால் யாராவது சொல்லித் திருத்திவிடுவார்கள். நன்றாகத் தெரிந்த வேலைதான் காலை வாரும். கைக்குப் பழகிவிட்டது என்பதற்காக அது இந்த இடத்துக்கும் சரி என்று நம்பிவிடுவோம். நீ செய்கிற பொருள் போய் நிற்கப்போவது தண்ணீரிலா, வெயிலிலா என்று முதலில் கேள். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். முற்றத்தில் ஈரச் சட்டத்துக்கு ஓக்கே சொன்னவளும் நான்தானே.

பட்டறையில் இப்போது வழக்கம் மாறிவிட்டது. சட்டத்தைப் பூட்டியதும் எலுமிச்சம்பழம் கட்டுகிறார்கள், மேஸ்திரி முதல் குடத்தை ஊற்றுகிறார். அந்தக் குடம் தரையோடு சரி, மரத்தில் ஒரு சொட்டு படாது. அப்புறம் சட்டம் வெயிலில் நிற்கும். ‘வெயில் காட்டுவது’ என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. நன்றாக வெயில் காட்டிய பிறகுதான் என் தோல் துண்டு வெளியே வரும், அதற்குப் பிறகுதான் பிரியாணி. நான் போன வருடம் வேலையை விட்டேன். தோல் துண்டைப் பட்டறையிலேயே ஓர் ஆணியில் மாட்டிவிட்டு வந்திருக்கிறேன். மர ஆணிதான்.

ஒன்றை விட்டுவிட்டேன். சிஸ்டர் குடி வந்த அந்த வருடம் மழை தாமதமாகத் தொடங்கி மொத்தமாகக் கொட்டியது. மேஸ்திரிக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருந்ததை நான் அறிவேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, தண்ணீருக்கு இடமே விடாமல் ஒரு மரத்தைப் பூட்டியிருந்தார். “ஓடு கீது, சரி. சாரல் அடிக்குமே. வீங்கி வெடிச்சிச்சின்னா?” என்று என்னிடம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். நான் தைரியம் சொன்னேன். எனக்கும் தைரியம் இல்லை.

ஒரு மத்தியானம் வானம் கிழிந்தது மாதிரி மழை. கூடவே காற்று. பட்டறையின் தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்கவில்லை. அப்போது என் போன் அடித்தது. கிரேஸ் சிஸ்டர்.

“ரோஸ்லின், மேஸ்திரிகிட்ட போனைக் குடு.”

அவரிடம் நீட்டினேன். மேஸ்திரி கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வாங்கினார். “சொல்லுங்க சிஸ்டர்” என்றார். சிஸ்டர் ஏதோ சொன்னார். அவர் ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு, இன்னொரு காதில் போனை அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கேட்டுக்கொண்டே இருந்தார்.

“ஒண்ணும் கேக்கலையே சிஸ்டர்” என்றார் பயந்துபோய். “போனைத் தூண்ல வச்சீங்களா? லைன் கட்டாயிடிச்சா?”

இந்த இரைச்சலிலும் சிஸ்டரின் குரல் எனக்கே கேட்டது.

“லைன் இருக்கு மேஸ்திரி. தூண்லதான் வச்சேன். வீடு தூங்குது.”